பத்துக்காசு உயரம்

எங்கள் ஊரில் ரெத்தினத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருகிற வார்த்தை 'சந்தேகப் பிராணி'. டீக்கடையில் கிளாஸைக் கொடுத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பஸ் டிக்கெட்டில் இருக்கிற எழுத்தை எல்லாம் படித்த பிறகுதான் சட்டைப் பையில் வைப்பார். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் போட்ட துண்டைக்கூடத் திருப்பி உள்பக்கம் பார்த்த மனிதர். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவருடைய சந்தேகத்தில் அதிகமாக அடிபட்டவன் நான். அதனால் அவரைப் பற்றி எழுதுகிற உரிமை மற்றவர்களைவிட எனக்குத்தான் இருக்கிறது.

என் பெயர் தியாகேசன். நன்னிலம் பக்கம். எழுபதுகளில் மல்லிகை இன்னிசைக் குழுவில் நான் தபேலா, ரெத்தினம் கிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் தாலுகாவில் தபேலாவுக்கு ஆள் வேண்டுமென்றால் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். கிட்டாருக்கு அவர் ஒருவர்தான். இந்த விஷயம் பின்னால் எனக்கு வினையாக முடிந்தது.

அவருக்கு யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. மைக் செட்காரரோடு கம்பம் தூக்கிப் போனவர், மேடைக்குப் பக்கத்தில் நின்று வெளியூர்க் குழுக்காரர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் கெஞ்சி வாங்கி வாசித்துப் பார்ப்பார். இப்படி மூன்று வருஷம். எழுபத்திரண்டில் இரண்டு ஆட்டை விற்றுவிட்டு அதிராம்பட்டினத்துக்கு பஸ் ஏறினார். அங்கே கமருன்னிஸா என்ற அம்மாள் வீட்டில் ஒரு கிட்டார் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார்.

அந்த அம்மாளின் தம்பி பினாங்கிலிருந்து கொண்டுவந்த கிட்டார் அது. ரெத்தினம் அதைத் தட்டிப் பார்த்தார், டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பெட்டியின் மூலையில் 'ட' போல வளைந்த சின்ன இரும்புச் சாவி ஒன்று கிடந்தது.

"இது எதுக்குங்க?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? பெட்டிக்குள்ள இருந்துச்சு, பெட்டியோட தர்றேன்."

பாட்டு வாசிக்கிற சாமானுக்கு எதற்கு இரும்புச் சாவி? அந்த அம்மாள் எதையோ மறைக்கிறார் என்று அவருக்குப் பட்டது. ஆனாலும் கிட்டாரை விட மனமில்லை. வாங்கிவிட்டார். எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமலே அந்தச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு நாலு வருஷம் அலைந்தார்.

அதே நாளில் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. என் அப்பா பஞ்சநதம், கும்பகோணத்து மிராசுதார் ஒருவருக்குக் காரியஸ்தர். ரெத்தினத்தின் அப்பா இளையபெருமாள் அந்த மிராசில் ஆறு மா நிலம் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். குத்தகைக்காரர்களின் பேரைத் தாலுகா கச்சேரியில் பதிய வேண்டும் என்று சர்க்கார் சொல்லியிருந்த சமயம். பதிந்துவிட்டால் நிலத்தை விட்டு எழுப்ப முடியாது என்று நிலக்காரர்கள் பயந்தார்கள். என் அப்பா இளையபெருமாளைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் வீட்டுக்குள் அதுவரை வராத மனிதரை முற்றத்தில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, "பேர் பதியறதுக்குத்தாண்டா, வையி" என்று ஒரு தாளை நீட்டினார். அவர் இடது கைக் கட்டைவிரலை வைத்தார். அது பதிவுத் தாள் இல்லை. குத்தகையை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிய இஸ்திபா. எட்டாவது வரை படித்த மகன் ஊரில் இருந்திருந்தால் படித்துச் சொல்லியிருப்பான். மகன் அன்றைக்கு அதிராம்பட்டினத்தில் கிட்டாரை முகர்ந்துகொண்டிருந்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தாளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது என்றுதான் பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியும். தலைப்பைப் படித்தேன்.

அறுப்புக்கு முன்னால் நிலம் போய்விட்டது. விவசாய சங்கத்துக்காரர்கள் வரப்பில் சிவப்புக் கொடி நட்டார்கள், நிலக்காரர் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார், போலீஸ் வந்தது. வழக்கு நடந்தது. கைநாட்டு கைநாட்டுத்தான் என்று முடிந்தது. அந்த அறுப்புச் சமயத்தில் ரெத்தினம் கிட்டாரோடு ரோட்டில் போனபோது ஒரு போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே நோட்டீஸ் ஒளித்திருக்கிறதா என்று லத்தியை ஓட்டைக்குள் விட்டு ஆட்டினாராம். அதற்குப் பிறகு அந்தக் கிட்டாரை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை.

இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே மேடையில் உட்கார வைத்த பெருமை குஞ்சிதபாதத்துக்கு. கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா, எங்கள் குழுவின் பாடகர், தலைவர் எல்லாம் அவர்தான். "பாட்டுல என்னய்யா மேலத் தெரு கீழத் தெரு" என்பார். எங்கள் தெருவில் பிறந்த நான் ரெத்தினத்தை 'அண்ணே' என்று கூப்பிட்டது அந்த மேடையில்தான். அந்த நாளில் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'தபேலாக்காரரே' என்பார், 'வாங்க, போங்க' என்பார். அந்த மரியாதை எனக்குக் குத்தும். மைப்பெட்டி விஷயம் இவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று, அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு உதைக்கும்.

எழுபத்தாறு மாசியில் திருவிடைமருதூரில் ஒரு கல்யாண வரவேற்பு. வேன் எங்கள் வாசலிலிருந்து கிளம்புவதாக ஏற்பாடு. எங்கள் வீடு மச்சு வீடு, பூட்டு உண்டு. அதனால் எல்லாச் சாமானும் இரண்டு நாள் முன்னாலேயே எங்கள் கூடத்தில் வந்து இறங்க வேண்டும் என்று குஞ்சிதபாதம் சொல்லிவிட்டார். ரெத்தினம் முடியாது என்றார். "எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்" என்று தலைவர் முறுக்கிக்கொண்டார். கடைசியில் ரெத்தினம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகும்போது வாசல்படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

வரவேற்பில் முதல் பாட்டிலேயே கிட்டார் அபசுரமாகப் பேசியது. கம்பிகள் பலகையை விட்டு மேலே எழும்பி நின்றன, அவர் விரல் வெளுக்க அழுத்தினார். மூன்றாவது பாட்டில் 'டப்'பென்று ஒரு சத்தம். கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் அடிக்கட்டை, பிரிட்ஜ் என்பார்களே, அது ஒட்டை விட்டுப் பிய்த்துக்கொண்டு ஆறு கம்பியோடு தொங்கியது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். குஞ்சிதபாதம் பாட்டை விடாமல் சமாளித்தார். ரெத்தினம் கிட்டாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மறுநாள் தலைவரிடம் போய், "அவரு இருந்தா நான் வரலைங்க" என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, "ரெண்டு நாள் அவங்க வீட்டுல இருந்துச்சு. அவங்க வீட்டுல வச்சது எது உருப்பட்டுச்சு?" என்றாராம். தபேலாவுக்குத் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். நான் வெளியே வந்தேன்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. செய்யாத ஒன்றுக்கு ஊரே என்னைப் பார்த்தது. டீக்கடையில் நான் போனால் பேச்சு நின்றது. "காரியஸ்தர் மவந்தானே" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. அதில் பெரிய கொடுமை என்னவென்றால், நான் கத்த வாயைத் திறக்கும்போதெல்லாம் மைப்பெட்டி குறுக்கே வந்து நின்றது. ஒரு நாள் வாய்க்கால் கரையில் அவரை மறித்துக் கேட்டேவிட்டேன்.

"என் கை பட்டுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"பட்டுச்சா இல்லையான்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எப்படி என்பதை அவர் மனைவி அம்சம் பின்னால் என் வீட்டுக்காரியிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதலில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு ஒரு வாத்தியக் கடைக்குப் போயிருக்கிறார். ஒரு வாரம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வைத்துவிட்டுப் போவதா? உள்ளே எதை எடுப்பார்கள், எதைப் போடுவார்கள் என்று யார் கண்டது? "நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேங்க" என்றார். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வேறொருவருடைய கிட்டாருக்கு அவர்கள் வேலை பார்ப்பதை அரை மணி நேரம் வாசலில் நின்று பார்த்தார். அவர் இடுப்பில் தொங்கியதைப் போலவே ஒரு வளைந்த சாவியை ஒருவன் கிட்டாரின் ஓட்டைக்குள் விட்டு, கழுத்தின் அடியில் எதையோ திருகினான். ரெத்தினம் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம். நாலு வருஷமாகத் தேடிய பூட்டு அது. அங்கிருந்து நேராக பஸ் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்சத்தின் முகம் பார்க்கிற கண்ணாடியை ஓட்டைக்குள் சாய்த்து, டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்துக் கட்டைக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, அதன் நுனியில் அறுகோணக் குழி. சாவி கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் நாள் ஆத்திரத்தில் ஒரு முழுச் சுற்று முறுக்கிவிட்டார். கழுத்து பின்பக்கம் வளைந்து, கம்பிகள் எல்லாம் கழுத்தின் குறுக்கே பதித்த இரும்புக் கட்டைகளில் உரசி வண்டு மாதிரி ரீங்கரித்தன. மறுநாள் தளர்த்தினார். கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது, திருப்பினால் ஒரு நாள் விட்டுத்தான் பார்க்க வேண்டும், மரம் உடனே பதில் சொல்லாது என்பது அவருக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. பிய்ந்த பிரிட்ஜை, தச்சர்கள் ஒட்டுகிற வஜ்ஜிரத்தை வாங்கிவந்து ஒட்டினார். மேலே செங்கல் கட்டி மூன்று நாள் அசையாமல் வைத்தார். கம்பி உட்காரும் எலும்புத் துண்டை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து இறக்கினார்.

உயரத்தை அளக்க அவருக்கு ஒரு பத்துக்காசு போதுமாக இருந்தது. ஓரம் நெளிநெளியாக இருக்குமே, அந்த அலுமினியக் காசு. பன்னிரண்டாவது கட்டையில் தடிக் கம்பிக்கு அடியில் காசு உரசாமல் நுழைந்தால் சரி. அதற்கு மேல் இடம் இருந்தால் எவனோ கை வைத்திருக்கிறான்!

இதெல்லாம் வாத்தியத்தின் மேலிருந்த ஆசை மட்டும் இல்லை. என்னைப் பிடிக்கத்தான் கற்றுக்கொண்டார். வாசித்து முடித்ததும் கம்பியை முறுக்குகிற ஆறு கீயிலும் பென்சிலால் மெல்லிய கோடு போடுவார், யாராவது திருகினால் கோடு விலகும். பெட்டியின் கொக்கிக்குக் குறுக்கே அம்சத்தின் தலைமுடி ஒன்றைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவார். ஒரு நோட்டில் தேதி, காசு நுழைந்ததா, எவ்வளவு இடம் மிச்சம், எல்லாம் எழுதுவார்.

அடுத்த வருஷம் தை பிறந்து மூன்றாம் வாரம். முடி அறுபடவில்லை, கோடு விலகவில்லை, ஆனால் காசுக்கு மேல் இன்னும் அரைக்காசு கனம் போக இடம் இருந்தது. நான் அப்போது மாமனார் ஊரில், இருபது மைல் தள்ளி இருந்தேன். அதை விசாரித்துத் தெரிந்துகொண்டாராம். தெரிந்துகொண்டும் என்னை விடவில்லை. "ஆள் விட்டுச் செஞ்சிருப்பாரு" என்று நோட்டில் எழுதியிருந்ததாம். அதைக் கேள்விப்பட்டபோது சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வருஷம் மாசியில் பிரிட்ஜ் மறுபடியும் பின்பக்கம் வாயைத் திறந்தது. ரெத்தினம் வஜ்ஜிரக் கட்டியை உடைத்து டப்பாவில் போட்டு, இளக்குவதற்காகக் கொல்லைச் சாய்ப்புக்குப் போனார். அங்கே அம்சம் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்தில் கல்யாணமாகி வந்ததிலிருந்து அது அவளுடைய தொழில். தை அறுப்பு முடிந்தால் பாதி ஊருக்கு அவள்தான் நெல் அவித்துக் கொடுப்பாள். பங்குனி வரை அந்தச் சாய்ப்பில் ஆவி அடங்காது.

அவர் டப்பாவை அண்டாவின் வாயில், ஆவியில் காட்டிப் பிடித்தார். கல்லைப் போல இருந்த வஜ்ஜிரம் கொஞ்ச நேரத்தில் தேனாக இளகியது.

"ஆவி பட்டா இளகிடுமா இது?" என்று அம்சம் கேட்டாள்.

"பின்ன? அதுக்குத்தானே காட்டுறேன்."

"அப்ப அதை எங்க மாட்டி வச்சிருக்கீங்கன்னு கொஞ்சம் மேல பாருங்க."

மேலே பார்த்தார். அடுப்புக்கு நேர் மேலே பரண். விதைக்கூடை, நுகத்தடி, ஏர்க்கால் எல்லாம் அங்கேதான் இருக்கும். புகை படுகிற மரத்தில் உளு விழாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மரச்சாமானைக் காப்பாற்ற அதைவிட நல்ல இடம் கிடையாது. கிட்டாரும் மரம்தானே என்று வாங்கிய நாளிலிருந்து அவரும் அங்கேதான் பெட்டியை வைத்திருந்தார். அம்சம் வருகிற வரை வெறும் புகைதான். அவள் வந்த பிறகு வருஷத்தில் மூன்று மாதம் நெல் அவிக்கிற ஆவி முழுவதையும் அந்தக் கிட்டார் குடித்திருக்கிறது. ஒட்டு விட்டுக்கொடுத்தது, பலகை உப்பியது, கம்பி எழும்பியது. திருடனைப் பிடிக்க முடியை ஒட்டி, கோடு போட்டு, காசை நுழைத்து அளந்தவர், அந்தத் திருடனுக்குத் தன் கையாலேயே தினமும் பெட்டியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று அம்சம் சொன்னாள். நோட்டை எடுத்து மூன்று வருஷத் தேதிகளையும் அவளிடம் படித்துக் காட்டி, எந்தெந்த வாரம் நெல் அவித்தாய் என்று கேட்டிருக்கிறார். எல்லாம் பொருந்தியது.

ஆனால் என்னிடம் வரவில்லை. பங்குனி, சித்திரை, ஆடி எல்லாம் போயிற்று. கும்பிட்ட தெய்வத்திடம்கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். ஐப்பசியில் குஞ்சிதபாதம் என்னைக் கூப்பிட்டு, "தபேலாவுக்கு வந்துடுய்யா, ரெத்தினமே சொல்லிட்டாப்ல" என்றார். நான் போகவில்லை. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று பட்டது. சந்தேகம் தொற்று வியாதி. அதற்குள் எனக்கும் நன்றாகப் பிடித்திருந்தது.

மார்கழி கடைசியில் ஒரு மத்தியானம், அவர் கிட்டார் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தை பொறந்தா சாய்ப்புல நெல்லு அவிப்பாங்க. ஒத்தை அறை வீடு, வேற எங்க வச்சாலும் ஆவி வருது. பங்குனி முடியற வரைக்கும் இது இங்க இருக்கட்டும். கச்சேரி அன்னிக்கு வந்து எடுத்துக்கறேன்."

"எதுக்குண்ணே? மறுபடி கெட்டுப்போனா என் தலையில போடவா?"

அவர் பெட்டியை உள்ளே தூக்கிவந்தார். கூடத்து மூலையில், முன்பு வைத்த அதே இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இந்தத் தடவை வாசல்படியில் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு நாள் நான் அந்தப் பெட்டியின் பக்கமே போகவில்லை. நான் திறக்கவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமே என்று கொக்கிக்குக் குறுக்கே நூல்கூடக் கட்டினேன். ஒன்பதாம் நாள் பொறுக்க முடியாமல் நூலை அறுத்துத் திறந்தேன். பொறி எங்கே வைத்திருக்கிறார் என்று ஆறு கீயையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பென்சில் கோடுகள் இல்லை. ஒவ்வொன்றையும் அழித்திருந்தார். அழித்த இடத்தில் சாம்பல் நிறத்தில் லேசாக ஒரு தடம் மட்டும் இருந்தது. பெட்டியின் மூலையில் அந்த வளைந்த சாவி கிடந்தது. அரைஞாண் கயிற்றை விட்டு ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூடப் போகாத சாவி. பக்கத்தில் பத்துக்காசு. மூடி வைத்துவிட்டேன்.

இடையில் இரண்டு மூன்று கச்சேரிக்கு வந்து எடுத்துப் போய்க் கொண்டுவந்து வைத்தார். பங்குனி முடிந்து, அந்த வருஷத்துக்கு ஒரேயடியாக எடுத்துப் போக வந்த அன்று, நான் பெட்டியைத் திறந்து வைத்து, காசை எடுத்து நீட்டினேன்.

"அளந்து பாத்துட்டு எடுத்துட்டுப் போங்கண்ணே."

"வேணாம்."

"வேணும். என் முன்னாலயே அளங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

அவர் காசை வாங்கவில்லை. முற்றத்தைப் பார்த்தார். "எங்கப்பாவும் இந்த எடத்துலதான் பாக்காம வச்சாரு" என்றார். "நானும் ஒரு தடவ பாக்காம எடுத்துட்டுப் போறேன்."

உள்ளே என் அப்பா இருமுகிற சத்தம் கேட்டது. அப்போதும் சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"அன்னிக்கு மைப்பெட்டியப் புடிச்சது நான்தாண்ணே. தாள்ல என்ன எழுதியிருக்குன்னும் தெரியும்."

"புடிச்சது தெரியும். அன்னிக்குச் சாயங்காலமே அப்பா சொன்னாரு." அவர் பெட்டியின் கொக்கியைப் போட்டார். "படிச்சீங்கங்கறது இப்பத்தான் தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கிட்டார்ல நீங்க கை வைக்கல. செய்யாததுக்கு உங்களை வெளிய அனுப்பினேன், அது என் தப்பு. அதுக்குத்தான் வந்தேன்" என்றார். "அது வேற, இது வேற. இதை நான் மறக்கறதா இல்ல."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "வெள்ளிக்கிழமை ஒத்திகை. தபேலாவுக்குச் சுதி ஏத்தி வைங்க, தியாகேசன்" என்றார்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் ஒரே மேடையில் உட்கார்ந்தோம். நிலம் அவர்களுக்குத் திரும்பி வரவில்லை, என் அப்பாவும் கடைசி வரை வாய் திறக்கவில்லை. ரெத்தினமும் சொன்னபடி அதை மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் கிட்டாரைக் கொண்டுவந்து எங்கள் கூடத்து மூலையில் வைத்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.